கொசஸ்தலையாற்றின் கணக்கு

திருவாலங்காடு என்றதும் மாணவர்களாகிய உங்களுக்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வரலாம். காரைக்கால் அம்மையார் இறைவனின் ஆடலைக் கண்டு இன்புற்ற தலம் அது என்பது ஒன்று. முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்த ஊர் அது என்பது மற்றொன்று. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அவ்வூர்ப் பக்கமாக ஓடும் கொசஸ்தலையாற்றைப் பற்றி. ‘ஓடும்’ என்று சொல்வதுகூடச் சற்று மிகைதான். ஆண்டில் பெரும்பாலான நாள்களில் அது மணலாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் கரைபுரண்டு வரும். சில நாள்களில் வடிந்துவிடும். இத்தகைய ஆற்றுக்கும் ஒரு வரலாறு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, அதில் ஒரு வழக்கும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

முதலில் ஆற்றின் போக்கைப் பார்ப்போம். அதன் வடகிளை ஆந்திர நாட்டுச் சித்தூர்ப் பக்கத்து மலைகளில் தோன்றிப் பள்ளிப்பட்டு, திருத்தணிப் பகுதிகளின் வழியே கீழிறங்குகிறது. நகரியாறும் நந்தியாறும் அதனோடு கலக்கின்றன. தெற்கே பாலாற்று நீரால் நிரம்பும் காவேரிப்பாக்கம் ஏரியின் மிகுநீர், கேசாவரம் அணைக்கட்டில் பிரிந்து, ஒரு பகுதி கூவத்துக்கும் ஒரு பகுதி கொசஸ்தலைக்கும் செல்கிறது. எல்லாம் சேர்ந்து பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகின்றன. தேங்கியது போக எஞ்சியது எண்ணூர் அருகே கடலில் கலக்கிறது. பூண்டி நீர்த்தேக்கம் சென்னை மாநகரின் குடிநீருக்காகக் கட்டப்பட்டு 1944-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதற்கு முயன்ற மேயர் சத்தியமூர்த்தியின் பெயரால் சத்தியமூர்த்தி சாகரம் என வழங்குகிறது. அதன் இன்றைய கொள்ளளவு ஏறத்தாழ 3¼ டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி.

இனிச் செப்பேட்டுக்கு வருவோம். இராசேந்திரனின் 6-ஆம் ஆட்சியாண்டில், திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அருகிலுள்ள பழையனூர் என்னும் ஊர் கொடையாக அளிக்கப்பட்டதை அச்செப்பேடுகள் கூறுகின்றன. ஊரின் எல்லைகள் திசை திசையாக விரித்துரைக்கப்பட்டுள்ளன. நிலத்துக்கு இவ்வாறு எல்லை காட்டிய அக்காலத்தார், நீருக்கு வேறு வகையாக வழி செய்தனர். சோழர் காலத்து நிலக்கொடைப் பட்டயங்களைப் படிப்போர், சில நிபந்தனைகள் திரும்பத் திரும்ப வரக் காண்பர். கொடை பெற்றவர் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சலாம், பிறர் அவ்வாய்க்காலைக் குறுக்கே வெட்டலாகாது, அதில் ஏற்றம் இட்டு இறைக்கலாகாது, கூடையால் அள்ளலாகாது. நிலத்துக்குக் கல் நட்டார்கள். நீருக்கு நடத்தை விதி வகுத்தார்கள். நிலம் நட்ட இடத்தில் நிற்கும்; நீர் நில்லாது. ஆதலால் யார், எப்போது, எவ்வாறு எடுக்கலாம் என்பதே நீரின் எல்லையாகும். இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் உதவும்.

என் இளமையில் நான் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். எங்கள் பக்கத்தில் மேலேரி ஒன்றும் கீழேரி ஒன்றும் உண்டு. மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்தால்தான் கீழேரிக்கு நீர். மழை குறைந்த ஓர் ஆண்டில் மேலூரார் கலங்கலின்மேல் மண்மூட்டைகளை அடுக்கிவிட்டனர். இரவோடிரவாகக் கீழூரார் அவற்றைத் தள்ளிவிட்டனர். மறுநாள் இரு பக்கத்தாரும் தடியோடு நின்றனர். அன்று பஞ்சாயத்துப் பேசிய முதியவர், ‘தண்ணீர் யாருடையது?’ என்ற கேள்வியை எழுப்பவே இல்லை. ‘ஏரியில் இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?’ என்றே கேட்டார். மேலூரார் ஒரு கணக்குச் சொன்னார்கள். கீழூரார் அதைப் போல் இரண்டு மடங்கு சொன்னார்கள். முதியவர் ஒரு மூங்கிற் கழியில் சாண் சாணாகக் கோடு கீறி, அதை மதகருகே நடச் சொன்னார். நாள்தோறும் காலையில் இரண்டு ஊர் நீர்கட்டிகளும் சேர்ந்து வந்து அளவு பார்க்க வேண்டும். எந்தக் கோட்டுக்கு மேல் நீர் நின்றால் கலங்கலைத் திறப்பது என்பதை இருவரும் ஒப்ப வேண்டும் என்பதே தீர்ப்பு. அவ்வாண்டு இரண்டு ஊரிலும் விளைச்சல் குறைவுதான். ஆயினும் யார் மண்டையும் உடையவில்லை. அந்தக் கழியின் அருமை எனக்கு அப்போது விளங்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பெரிய ஆறுகளின் வழக்குகளைப் படித்தபோதுதான் விளங்கிற்று.

ஏரியிலிருந்து ஆற்றுக்கு வருவோம். 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியது. திருத்தணி வட்டம் அப்போது சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்தது. வடக்கெல்லைக் கிளர்ச்சியை ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்தியதை நீங்கள் படித்திருப்பீர்கள். பின்னர் படாஸ்கர் என்பார் நடுவராக அமைந்தார். கிராமத்தை அலகாகக் கொண்டு, மக்கள் பேசும் மொழியையும் நிலத்தின் தொடர்ச்சியையும் நோக்கி எல்லை வகுக்கப்பட்டது. 1959-இல் சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. மொழிக்கு அது தக்க அளவுகோலே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஊர்தோறும் பேச்சைக் கணக்கிட்ட அந்த அளவுகோலுக்குள் நீரின் கணக்கு அடங்கவில்லை. மலையும் ஊற்றும் ஒரு மாநிலத்தில் நின்றன. மணலும் ஏரியும் மற்றொரு மாநிலத்தில் நின்றன. கொசஸ்தலை ஆற்றுப்படுகையின் மொத்தப் பரப்பு 3,727 சதுர கிலோமீட்டர். அதில் 877 சதுர கிலோமீட்டர், அதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, ஆந்திரத்தில் உள்ளது.

2022-ஆம் ஆண்டில், நகரிப் பகுதியில் முக்கலகண்டிகை, கத்தரப்பள்ளி என்னும் இரண்டு இடங்களில் புதிய நீர்த்தேக்கங்கள் கட்ட ஆந்திர அரசு எண்ணியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், ஆந்திர முதலமைச்சர் ஜெகன் மோகன் ரெட்டிக்குக் கடிதம் எழுதி, இது இரு மாநில ஆறு என்றும், பூண்டியின் நீர்வரத்துக் குறையும் என்றும், கீழுள்ள மாநிலத்தின் இசைவின்றிப் புதிய அணை கட்டலாகாது என்றும் எடுத்துரைத்தார். நமது அச்சத்தில் நியாயம் உண்டு. நாம் ஒப்புக்கொள்ள வேண்டிய மற்றொரு நியாயமும் உண்டு. நகரிப் பக்கத்து உழவரும் மழையை நம்பி வாழ்பவரே. தம் மலையில் பெய்த மழை தம் கண்ணெதிரே ஓடிக் கடலில் விழுவதைக் கண்டு, அதில் ஒரு பங்கைத் தேக்க நினைப்பது குற்றமாகாது.

இரண்டு நியாயங்கள் மோதும்போது என்ன செய்வது? ‘அணை வேண்டும்’, ‘அணை வேண்டா’ என்று இரு பக்கமும் முழங்கினால் வழக்கு வளருமே அன்றித் தீராது. இங்கே நான் ஒரு சிறு கணக்கு மாதிரியைச் சொல்லுகிறேன். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆற்றில் அளந்தவை அல்ல. தாளும் எழுதுகோலும் இருந்தால் நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

ஓர் ஆற்றில் நல்ல மழை ஆண்டில் 300 பங்கு நீர் வருகிறது. நடுத்தர ஆண்டில் 160. வறட்சி ஆண்டில் 60. நடுவிலுள்ள ஊர்களின் மணலும் ஏரிகளும் கிணறுகளும் முதல் 40 பங்கை உறிஞ்சிக்கொள்ளும். அதன்பின் எஞ்சுவதே கீழே நகரத்தின் நீர்த்தேக்கத்துக்குச் சேரும். அதன் கொள்ளளவு 120. மேலே அணை இல்லாதபோது, நல்ல ஆண்டில் நகரத் தேக்கம் நிரம்பி, 140 பங்கு கடலுக்குப் போகும். நடுத்தர ஆண்டில் சரியாக 120 கிடைக்கும். வறட்சியில் 20 மட்டுமே கிடைக்கும்.

இப்போது மேலே 50 பங்கு கொள்ளும் அணை ஒன்றைக் கட்டுங்கள். வரும் நீரை முதலில் அதுவே பிடித்துக்கொள்ளட்டும். நல்ல ஆண்டில் நகரத்துக்கு ஒரு குறையும் இல்லை. கடலுக்குப் போவது 90 ஆகக் குறையும், அவ்வளவே. நடுத்தர ஆண்டில் நகரத்துக்கு 70 மட்டுமே கிடைக்கும். வறட்சியிலோ மேலணை 50-ஐ எடுத்தபின் எஞ்சும் 10-ஐ நடுவூர் மணலே குடித்துவிடும். நகரத்துக்குச் சொட்டும் இல்லை. நடுவூருக்கும் 40-க்கு 10 தான். அணை ஒன்றே, கல்லும் சுண்ணமும் ஒன்றே, ஆயினும் அது ஓராண்டில் தீங்கற்றதாகவும், மற்றோராண்டில் இடையூறாகவும், வேறோராண்டில் கொடுமையாகவும் அமைகிறது. ஆதலின் ‘அணை நல்லதா, கெட்டதா’ என்பதற்கு ஒரே விடை கிடையாது. அதன் கதவு எப்போது மூடப்படுகிறது என்பதிலேதான் நன்மையும் தீமையும் இருக்கின்றன.

இனி விதியை மாற்றுங்கள். எந்த ஆண்டிலும், வரும் நீரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மேலணை தேக்கலாகாது என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஆண்டில் அதற்கு 50 முழுவதும் கிடைக்கும். நடுத்தர ஆண்டில் அதற்கு 40, நடுவூருக்கு 40, நகரத்துக்கு 80. வறட்சியில் அதற்கு 15, நடுவூருக்கு 40 குறையாமல் கிடைக்கும், நகரத்துக்கு 5. நகரத்தின் குறையை வேறு வழியால் ஈடுசெய்ய முடியுமானால், இந்த விதி மூவருக்கும் பொறுக்கத் தக்கதாகிவிடும்.

அந்த வேறு வழி நம் ஆற்றில் உண்மையிலேயே இருக்கிறது. 1976 ஏப்ரலில் மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் கிருஷ்ணா நீரில் தலைக்கு 5 டி.எம்.சி. சென்னைக்கு அளிக்க இசைந்தன. 1983-இல் ஆந்திரமும் தமிழ்நாடும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, வழியில் ஆவியாவது போக 12 டி.எம்.சி. எல்லையில் வந்து சேர வேண்டும். கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து பூண்டி வரை 177 கிலோமீட்டர் கால்வாய் வெட்டப்பட்டு, 1996-இல் முதல் நீர் வந்தது. அந்த 12 டி.எம்.சி. பெரும்பாலான ஆண்டுகளில் முழுமையாக வந்ததில்லை. இப்போது ஒன்றை உற்று நோக்குங்கள். கொசஸ்தலை நீரும் கிருஷ்ணா நீரும் ஒரே பூண்டியில்தான் கலக்கின்றன. இரண்டிலும் ஆந்திரத்திலிருந்து வரும் நீர் உண்டு. ஆயினும் இரண்டு நீரையும் நாம் இரண்டு தனி ஏடுகளில் எழுதித் தனித்தனியே வாதாடுகிறோம். ஒரே ஏட்டில் எழுதினால், மேலே நகரிப் பக்கம் எடுத்ததற்கு ஈடாகக் கண்டலேற்றிலிருந்து இவ்வளவு என்று பேச இடம் உண்டாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. திருவாலங்காட்டு மண்ணில் வளர்ந்தவன் என்ற முறையில் இதை அழுத்தமாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். கிருஷ்ணா கால்வாய் பூண்டிக்குத்தான் வருகிறது. பள்ளிப்பட்டுக்கும் திருத்தணிக்கும் திருவாலங்காட்டுக்கும் அது வராது. இவ்வூர்க் கிணறுகள் கொசஸ்தலை மணலில் ஊறும் நீரையே நம்பியுள்ளன. இரண்டு தலைநகரங்கள் தமக்குள் கணக்கைச் சரிசெய்துகொண்டு, நகரக் குழாயில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். அப்போது தாளில் கணக்கு நேராகும். நடுவூர்க் கிணறு வற்றும். வழக்காடும் இருவரை மட்டும் எண்ணி, வழக்கில் பெயரில்லாத மூன்றாமவரை மறப்பதே நீர் உடன்பாடுகளில் நேரும் பெரும்பிழை. நம் மாதிரியில் நடுவூரின் 40 பங்கைத் தனி வரியாக எழுதியது இதற்காகவே.

இவ்வாறு உறுப்புகளைத் தனித்தனியே பாராமல், ஒன்று அசைந்தால் மற்றது எவ்வாறு அசையும் என்று சேர்த்துப் பார்ப்பதை அறிஞர் அமைப்பு நோக்கு என்பர். அதில் இருப்பு, வரவு, செலவு என்னும் மூன்றோடு தாமதம் என்னும் நான்காவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இன்று செய்தது இன்றே பலன் காட்டாது. கொசஸ்தலை, ஆரணி ஆறுகளின் கடைப்பகுதியில், மீஞ்சூர்ப் பக்கம், பல ஆண்டுகள் நிலத்தடி நீர் அளவின்றி இறைக்கப்பட்டது. இறைத்த நாளில் நல்ல நீரே வந்தது. பின்னர்க் கடல்நீர் நிலத்தினுள் புகுந்து கிணறுகள் உவர்த்தன. காரணத்தைச் செய்தவர் ஒருவர். காரியத்தைக் குடிப்பவர் வேறொருவர். ஆற்று வழக்குகளில் ஒருவரையொருவர் ஐயுறுவதற்கு இந்தத் தாமதமும் ஒரு காரணம்.

இந்த நோக்கினால் தீர்ந்த வழக்கு உலகில் உண்டா? உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் அருகே ஓடும் பொடோமாக் ஆற்றின் நீரை மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களும் தலைநகரமும் பங்கிட்டுக் கொள்கின்றன. வருங்காலப் பஞ்சத்துக்கு அஞ்சி, அந்நாட்டு இராணுவப் பொறியாளர் 1963-இல் 16 அணைகள் வேண்டும் என்று திட்டம் தீட்டினர். நிலம் மூழ்கும் என்று மக்கள் எதிர்த்தனர். பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆற்றையும் தேக்கங்களையும் கணிப்பொறியில் மாதிரியாக அமைத்துப் பார்த்தனர். அவரவர் தேக்கத்தை அவரவர் தனித்தனியே திறந்து மூடுவதாலேயே பற்றாக்குறை பெரிதாகிறது; எல்லோரும் சேர்ந்து ஒரே கணக்கில் இயக்கினால் மிகச் சில தேக்கங்களே போதும் என்று தெரிந்தது. 1982-இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. வறட்சி வந்ததாகப் பாவித்து ஆண்டுதோறும் ஒத்திகையும் நடத்துகிறார்கள். மாதிரி அங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. வழக்காடியவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பார்க்க இடம் தந்தது.

நம் நாட்டிலும் வாயில்கள் இல்லாமல் இல்லை. 1956-இல் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, மாநிலங்களுக்கிடையே எழும் ஆற்றுநீர்த் தகராறுகளைத் தீர்க்க நடுவர் மன்றம் அமைக்கும் சட்டம். மற்றொன்று, தகராறு எழுமுன்பே ஆற்றைக் கூடித் திட்டமிட ஆற்று வாரியம் அமைக்கும் சட்டம். முதற்சட்டத்தின்கீழ்ப் பல நடுவர் மன்றங்கள் தோன்றின. இரண்டாவதன்கீழ் ஒரு வாரியமும் அமைக்கப்படவில்லை. சண்டையைத் தீர்க்கும் கதவைத் தட்டினோம். சண்டையைத் தவிர்க்கும் கதவைத் தொடவில்லை. காவிரி நடுவர் மன்றம் 1990-இல் அமைந்து, இறுதித் தீர்ப்பை 2007-இல் அளித்தது. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதைத் திருத்தி, தமிழ்நாட்டின் பங்கை 404.25 டி.எம்.சி. என வரையறுத்தது, டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யையும் கணக்கில் சேர்த்தது. அந்த முடிவு நமக்கு மகிழ்ச்சி தராமலிருக்கலாம். ஆயினும் ஆற்றின் மேலுள்ள நீரும் மண்ணின்கீழுள்ள நீரும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்னும் உண்மை தீர்ப்பில் ஏறியதை மறுக்க முடியாது.

கொசஸ்தலைக்கு அத்தனை நீண்ட வழக்கு வேண்டியதில்லை. தொடக்கம் எளிதாகவே இருக்கலாம். 2021 நவம்பரில் பெருமழை பெய்தபோது, மேலே ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டுப் பள்ளிப்பட்டுப் பகுதித் தரைப்பாலங்கள் மூழ்கின. வெள்ளக் காலத்தில் மேலுள்ளவர் தரும் செய்தி கீழுள்ளவர்க்கு உயிர். வெள்ளத்தில் பங்கு கேட்பார் இல்லை. ஆதலின் அங்கே போட்டியும் இல்லை. வெள்ளச் செய்திக்காக இரு மாநிலத்தாரும் எல்லையில் ஓர் அளவுகோலை நட்டு, நாள்தோறும் சேர்ந்து அளந்து, இரு மொழியிலும் வெளியிடட்டும். வெள்ளத்துக்காக நட்ட கோல் கோடையிலும் அங்கேதான் நிற்கும். பத்தாண்டுக் கணக்குச் சேர்ந்தபின், நான் கற்பனையாகச் சொன்ன 300, 160, 60 என்னும் எண்களின் இடத்தில் உண்மை எண்கள் வந்து அமரும். அப்போது நான்கில் ஒன்றா, ஐந்தில் ஒன்றா என்று அமைதியாகப் பேசலாம். அந்தப் பேச்சில் நடுவூர்க் கிணற்றுக்கும் ஓர் இருக்கை போட வேண்டும்.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஓர் ஏரி இருக்கும். அதற்கு மேலேயும் கீழேயும் வேறு ஏரிகள் இருக்கும். வரும் மழைக்காலத்தில் மூன்று ஊர்ப் பிள்ளைகளும் ஒன்றுகூடி, ஏரிதோறும் ஒரு கழி நட்டு அளந்து, ஒரே ஏட்டில் எழுதிப் பாருங்கள். வரலாறு என்பது மன்னர் வெட்டிய செப்பேட்டில் மட்டும் இருப்பதன்று. இரண்டு ஊர் நீர்கட்டிகள் சேர்ந்து பார்த்த அந்த மூங்கிற் கழியிலும் வரலாறு இருந்தது. பழையனூர்க் கொடைக்கு எல்லை குறித்தவர்களுக்கு ஊரின் நான்கு பக்கமும் தெரிந்திருந்தது. ஆற்றின் மேலும் கீழும் நடுவும் நமக்குத் தெரிய வேண்டும்.